வாரத்துக்குப் பத்து நிமிடம்

கட்டம் போட்ட தாளை மேசையில் விரித்ததும்
டெல்ஃபினா ஒரோஸ்கோ சொன்னாள்:
"எனக்கு வாரத்துக்குப் பத்து நிமிடம்தான்.
அதற்குள் எது பிழைக்குமோ
அதை வையுங்கள்."

டூசான் நகரத்தில் இருபது வருடமாகத்
தோட்டம் போட்டுக் கொடுக்கிறேன்.
எல்லாரும் முதலில் பூவைக் கேட்பார்கள்,
அப்புறம் நிழலை.
தண்ணீர் ரசீது வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.
நேரத்தை இப்படிச் சில்லறையாக எண்ணி
யாரும் என் முன்னால் வைத்ததில்லை.

ரத்தச் சுத்திகரிப்பு வார்டில் இரவு நர்ஸ்.
காலை ஏழரைக்கு வீடு வந்து
ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டித் தூங்குபவள்.
வீட்டோடு சேர்ந்து வந்த புல்தரை
சொறி பிடித்த நாயாகக் கிடந்தது,
அங்கே கொஞ்சம் மயிர், இங்கே கொஞ்சம் மண்.

மேற்குச் சுவரைத் தொட்டேன்:
அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டி.
கடப்பாரை ஒரு முழத்தில் ணங்கென்றது,
சுக்கான் பாறை.
"பிரச்சினையா?"
"ரோஜாவுக்கு."

ஒரு கட்டம் ஓர் அடி.
செடிகளை நான் நாணயத்தால் வரைவேன்.
பாலைச் சாமந்திக்குப் பத்து சென்ட்,
ஆனைக்கற்றாழைக்குக் கால் டாலர்,
காபிக் கோப்பையைக் கவிழ்த்து ஒரு சுற்று சுற்றினால்
பாலோ வெர்டே மரம்.
தொட்டியில் வாங்கும் அளவு இல்லை இது.
பத்து வருடம் கழித்து
அவை கேட்காமலே எடுத்துக்கொள்ளப்போகும் இடம்.

வரைந்து முடித்தும் தாளில் பாதி வெள்ளை.
"இன்னும் நாலைந்து வைக்கலாமே?"
வைக்கலாம்.
பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும்
கத்தரியோடு நிற்கவேண்டி வரும்.
உங்கள் பத்து நிமிடம் இருப்பது
அந்த வெள்ளையில்தான்.

யோசித்தாள்.
"சரி. ஆனால் வாசலில் ஒரு காகிதப்பூ."
முள், குப்பை, பனி விழுந்தால் கருகும் என்றேன்.
"வாசலில் ஒரே ஓர் அசட்டுத்தனம்
இருந்துவிட்டுப் போகட்டும்."
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்:
காகிதப்பூ, மூன்று நிமிடம்.

அடுத்து தண்ணீர்.
இங்கேதான் எல்லாரோடும் எனக்குச் சண்டை.
இவை தாகத்தில் சாவதில்லை அம்மா,
பாசத்தில் சாகும்,
தினமும் குழாயைத் திறந்துவிட்டால்
உள்ளே வேர் அழுகும்
வெளியே ஒரு மாதம் பச்சையாகவே
நடித்துக்கொண்டிருக்கும் என்று
வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினேன்.
கைகாட்டி நிறுத்தினாள்.

"என் பதினோராம் படுக்கை, மிஸ்டர் ப்ளெட்சோ.
ஒரு நாளைக்கு நாலு கோப்பைதான்.
தர்பூசணித் துண்டும் கணக்கில் சேரும்.
பேத்தி கைப்பையில் ஒளித்து
ஐஸ்கட்டி கொண்டுவருகிறாள்.
அவர் கணுக்காலை அழுத்தினால்
என் விரல் பதிந்த குழி
அப்படியே நிற்கிறது."

என் பேனாவை வாங்கி அவளே எழுதினாள்,
மருந்துச் சீட்டில் எழுதுகிற கை:
முதல் கோடை, வாரம் ஒருமுறை, ஆழமாக.
இரண்டாம் கோடை, இரு வாரத்துக்கு ஒருமுறை.
பிறகு, கேட்டால் மட்டும்.

"கேட்பது எப்படித் தெரியும்?"
சப்பாத்திக்கள்ளியின் தட்டு சுருங்கும்.
"தோலைக் கிள்ளிப் பார்ப்பேனே, அதுபோல."
அதுபோலத்தான்.
ஆனால் கள்ளியைக் கிள்ளவேண்டாம்.

அக்டோபரில் நட்டோம்.
சரளைக்கல் பரப்பில் பதினான்கு சிறு செடிகள்,
ஒன்றையொன்று அறியாதவர்கள்
காத்திருப்பு அறையில்
நாற்காலி விட்டு நாற்காலி உட்கார்ந்ததுபோல.
பக்கத்து வீட்டு ஹால்டேன்
வேலிக்கு மேல் தலையை நீட்டினார்:
"எப்போது முடிப்பீர்கள்?"
முடிந்துவிட்டது என்றேன்.
அவர் நம்பவில்லை.

ஏழு நாற்பதுக்கு அவள் வந்தாள்,
நீலச் சீருடை, காலணி கையில்.
செடி செடியாக நின்றாள்.
சொட்டுக்குழாயின் மூக்கை ஒருமுறை
விரலால் சுண்டினாள், ஊசி ஏற்றுமுன் செய்வதுபோல.
கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆறுதான் ஆனது, நாலு மிச்சம்" என்று
எனக்கா செடிக்கா தெரியாமல் சொல்லிவிட்டு
காகிதப்பூ அதற்குள் உதிர்த்திருந்த
மூன்று இதழ்களைத் தாண்டி
தூங்கப் போனாள்.